ஒரு கவளம் சோறு: உடல் மறுவாழ்வில் செயல்முறைச் சிகிச்சை

நோயாலோ விபத்தாலோ உடலியக்கம் குறைந்துபோன ஒருவர் தன் அன்றாட வேலைகளை மீண்டும் தானே செய்துகொள்ள வழிசெய்யும் மருத்துவத் துறை, செயல்முறைச் சிகிச்சை. மருத்துவமனைகளில் இதை ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். தமிழில் தொழிற்சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை என்ற பெயர்களும் உண்டு. ‘தொழில்’ என்ற சொல்லைக் கேட்டதும் இது ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இங்கே தொழில் என்பது பிழைப்பு மட்டுமல்ல. பல் துலக்குவது, சட்டைப் பொத்தானைப் போடுவது, குழந்தைக்குத் தலைவாரிவிடுவது, வாசலில் கோலம் போடுவது, பேருந்தில் ஏறுவது, கணக்கு எழுதுவது என்று ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும் அதில் அடங்கும்.

இயன்முறை மருத்துவமும் (பிசியோதெரபி) செயல்முறைச் சிகிச்சையும் ஒரே வார்டில், ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து நடப்பவை. இரண்டுக்கும் எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. ஆனாலும் பார்வையில் ஒரு வேறுபாடு உண்டு. தசையின் வலு, மூட்டின் அசைவு, நடை, மூச்சு ஆகியவற்றை மீட்பது இயன்முறை மருத்துவத்தின் மையம். அப்படி மீண்ட வலுவையும் அசைவையும் கொண்டு அந்த மனிதர் என்ன செய்ய முடிகிறது என்பது செயல்முறைச் சிகிச்சையின் மையம். முழங்கை 130 பாகை மடங்குகிறது என்பது ஒரு செய்தி. மடங்கிய கையால் சோறு வாய்க்குப் போகிறதா என்பது வேறொரு கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற வகைப்பாடு இந்த வேறுபாட்டை முறைப்படுத்திக் காட்டுகிறது. உடலுறுப்பின் இயக்கம், தனிமனிதரின் செயல், சமூக வாழ்வில் பங்கேற்பு என்று மூன்று அடுக்குகளாக அது உடல்நிலையைப் பார்க்கிறது. இவை மூன்றையும் சூழல் பாதிக்கிறது என்கிறது. நரம்பு ஒன்று செயலிழப்பது முதல் அடுக்கு. அதனால் எழுத முடியாமல் போவது இரண்டாவது. எழுத முடியாததால் பள்ளியை விட்டு நிற்பது மூன்றாவது. முதல் அடுக்கைச் சரிசெய்ய முடியாத இடங்களில்கூட மற்ற இரண்டையும் பெருமளவு மீட்க முடியும். செயல்முறைச் சிகிச்சை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கிறது.

துறை உருவான கதை

1917 மார்ச் மாதம், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் சிலர் கூடி இத்துறைக்கான முதல் தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டத்தைக் கூட்டிய ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் மருத்துவர் அல்லர், கட்டடக் கலைஞர். காசநோயால் அவதிப்பட்டு, உடலின் இடப்பக்கம் செயலிழந்த அவர், தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்து தன் உடலைத் தானே தேற்றிக்கொண்டவர். அவருடன் மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், சமூகப்பணியாளர் எலினோர் கிளார்க் ஸ்லேகிள் முதலியோர் இருந்தார்கள். மனநல விடுதிகளில் நோயாளிகளுக்கு நெசவும் கூடை முடைதலும் கொடுத்தபோது அவர்கள் தேறியதைக் கண்ட அனுபவம் இவர்களில் சிலருக்கு ஏற்கெனவே இருந்தது.

அந்த அனுபவத்தை உடற்காயங்களின் பக்கம் திருப்பியது முதல் உலகப்போர். கையும் காலும் சிதைந்து திரும்பிய வீரர்களுக்குப் பயிற்சியளிக்க அமெரிக்க ராணுவம் ‘மறுசீரமைப்பு உதவியாளர்’ என்ற பெயரில் பெண்களை நியமித்தது. தறியில் நாடாவைத் தள்ளும்போது தோள் அசைகிறது. ரம்பம் இழுக்கும்போது முழங்கை நீண்டு மடங்குகிறது. வீரர் பலகையை அறுத்துக்கொண்டிருக்க, அவருடைய மூட்டு தளர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தண்டுவடக் காயம், இளம்பிள்ளை வாதம், கை அறுவை சிகிச்சை என்று களம் விரிந்தது. கைவினைப் பொருள்களின் இடத்தை மெல்ல மெல்ல நோயாளியின் சொந்த வாழ்க்கைச் செயல்கள் பிடித்துக்கொண்டன.

இந்தியாவில் இத்துறைக்கான முதல் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1952இல் உலகச் செயல்முறைச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்புநாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில் இத்துறையின் வரலாறு வேலூரோடு பின்னிப் பிணைந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மூலம் மீட்கும் முறைகளை உருவாக்கினார். கை திறந்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலையும் வேண்டும் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். அறுவை முடிந்தவர்களுக்குத் தச்சுப் பயிற்சியும் பொம்மை செய்யும் பயிற்சியும் ஏற்பாடு செய்தார். அவரோடு பணிசெய்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் அவர் முயற்சியின் பயன். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய மையம் இந்தியாவில் அதுவே முதலாவது.

ஒரு செயலைப் பிரித்துப் பார்த்தல்

சிகிச்சையாளரின் அடிப்படைக் கருவி செயற்பகுப்பு: ஒரு சாதாரணச் செயலை அதன் கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறு தடைப்படுகிறது என்று கண்டுபிடிப்பது. தட்டிலிருந்து ஒரு கவளம் சோற்றை எடுத்து உண்பதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் உடல் விழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கை முன்னே நீளும்போது முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் உடலைத் தாங்கிப் பிடிக்கின்றன. கண் தட்டைக் காண வேண்டும். தட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தெரிய வேண்டும். தோள் சற்று முன்னே உயர்கிறது, முழங்கை நீள்கிறது, உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புகிறது. விரல் நுனிகள் சோற்றின் சூட்டை உணர்கின்றன. நான்கு விரல்கள் குழைத்துச் சேர்க்க, கட்டைவிரல் எதிரே வந்து பிடிக்கிறது. பிடி தளர்ந்தால் சோறு சிதறும், இறுகினால் நசுங்கும். அடுத்து முழங்கை மடங்க, முன்கை சுழன்று உள்ளங்கை முகத்தை நோக்கித் திரும்புகிறது. கடைசியில் கட்டைவிரல் கவளத்தை வாய்க்குள் தள்ளுகிறது. இதற்கிடையில் மெல்லுதலும் விழுங்குதலும் தம் தாளத்தில் நடந்தாக வேண்டும்.

‘சாப்பிட முடியவில்லை’ என்று சொல்லும் ஐந்து பேருக்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம். ஒருவருக்கு முன்கை சுழலவில்லை. ஒருவருக்கு விரலில் உணர்ச்சி இல்லை. ஒருவருக்குத் தட்டின் இடப்பாதி கண்ணில் படவில்லை. ஒருவருக்குக் கை நடுங்குகிறது. ஒருவருக்கு வலு எல்லாம் இருந்தும், எதை முதலில் செய்வது என்ற வரிசை மூளையில் கலைந்துவிட்டது. ஐவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பது பயனற்றது.

இதைக் கண்டறியப் பல அளவைகள் உள்ளன. மூட்டு எத்தனை பாகை அசைகிறது என்பதைக் கோணமானியும், பிடியின் வலுவைக் கைப்பிடி விசைமானியும் அளக்கின்றன. வெவ்வேறு தடிமன் உள்ள நைலான் இழைகளைத் தோலில் அழுத்தி, எந்த இழைவரை உணர முடிகிறது என்று பார்த்துத் தொடு உணர்ச்சியை மதிப்பிடுகிறார்கள். ஒன்பது குச்சிகளை ஒன்பது துளைகளில் செருகி எடுக்க ஆகும் நேரம், விரல்களின் நுண்திறனைக் காட்டுகிறது.

செயல்களை அளக்கத் தனி அளவுகோல்கள் உண்டு. 1965இல் வெளியான பார்த்தெல் அளவுகோல் உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படியேறுதல் உள்ளிட்ட 10 செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் வைக்கிறது. வேறொரு அளவுகோல் 18 செயல்களை எடுத்துக்கொண்டு, முழு உதவி தேவைப்பட்டால் 1 என்றும் முழுமையாகத் தானே செய்தால் 7 என்றும் மதிப்பிடுகிறது. கனடாவில் உருவான முறையோ நோயாளியையே கேட்கிறது: எந்தச் செயல்கள் உங்களுக்கு முக்கியம்? அவற்றை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள்? அதில் உங்களுக்கு எவ்வளவு மனநிறைவு? ஒவ்வொன்றுக்கும் 10க்கு எத்தனை என்று அவரே சொல்கிறார். ஒருவருக்குத் தானே குளிப்பது முதல் இலக்காக இருக்கும். இன்னொருவர் குளிப்பதற்கு மகனின் உதவியை ஏற்றுக்கொண்டு, தறியில் மீண்டும் உட்காருவதையே முதல் இலக்காகச் சொல்வார். எந்த இலக்கு என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருடையது.

பக்கவாதத்துக்குப் பின்

மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றுபோவதால் அல்லது மூளைக்குள் ரத்தம் கசிவதால் வருவது பக்கவாதம். உடலின் எதிர்ப்பக்கக் கையும் காலும் செயலிழக்கின்றன. முதல் நாள்களில் சிகிச்சையாளரின் கவனம் தோளில் இருக்கும். தசைகள் தளர்ந்துவிட்டதால் கையின் எடையே தோள் மூட்டைக் கீழே இழுக்கிறது. நோயாளியைத் தூக்கி உட்காரவைக்க உறவினர்கள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு மேலும் விலகி, மாதக்கணக்கில் நீளும் வலி தொடங்கிவிடும். எனவே தலையணை வைத்துக் கையைத் தாங்குவது, அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல் இடுப்பைப் பற்றி எழுப்புவது ஆகியவற்றைக் குடும்பத்தினருக்கு முதலிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள்.

பழைய நம்பிக்கைக்கு மாறாக, காயமுற்ற மூளை தன் இணைப்புகளை மாற்றியமைத்துக்கொள்ளக் கூடியது. 1996இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளின் மூளையில் கையை இயக்கும் பகுதியில் சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. சிறு குழிகளிலிருந்து உணவுருண்டைகளை எடுக்கும் பயிற்சி பெற்ற குரங்குகளில், காயத்தைச் சுற்றியிருந்த கைப்பகுதி சுருங்காமல் நின்றது. பயிற்சியற்ற குரங்குகளில் அது மேலும் சுருங்கியது. மூளை மாறுவதற்குத் தூண்டுகோல், பொருளுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் வேறொரு தடையை அடையாளம் கண்டார். ஒரு கையின் உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குரங்கு, அந்தக் கையைப் பயன்படுத்தும் ஆற்றல் இருந்தும் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. முயன்றபோதெல்லாம் தோற்றதால், ‘பயன்படுத்தாமை’ என்ற பழக்கத்தை அது கற்றுக்கொண்டது. நல்ல கையைக் கட்டிவைத்தபோது மறுபடி பழைய கையை நீட்டியது. மனிதருக்கான சிகிச்சை முறை இதிலிருந்து பிறந்தது. 2006இல் முடிவுகள் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர் பங்கேற்றார்கள். சிகிச்சைப் பிரிவினர் இரண்டு வாரங்கள், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை அணிந்து, பாதிக்கப்பட்ட கையால் நாளொன்றுக்கு 6 மணிநேரம்வரை பயிற்சி செய்தார்கள். ஓராண்டு கழித்தும் அவர்களுடைய கையின் திறன் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. மணிக்கட்டையும் சில விரல்களையும் 10 பாகையாவது தாமாக நீட்ட முடிகிறவர்களுக்கே இம்முறை பொருந்தும்.

கை சற்றும் அசையாதவர்களுக்குக் கண்ணாடிச் சிகிச்சை ஒரு வழி. சென்னையில் மருத்துவம் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி தெரிவதாகச் சொன்னவர்களுக்காக 1990களில் உருவாக்கியது இது. மேசையின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, செயலிழந்த கையை அதன் பின்னே மறைத்து, நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் இரு கைகளும் அசைவதுபோல் தெரியும். அந்தக் காட்சி மூளையின் இயக்கப் பகுதிகளைத் தூண்டுகிறது. பின்னர் பக்கவாதத்துக்கும் இது பயன்படுத்தப்பட்டது.

மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு உலகின் இடப்பாதியே கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. பார்வை இருந்தும் தட்டின் வலப்பக்கச் சோற்றை மட்டும் உண்கிறார்கள். முகத்தின் வலப்பாதியை மட்டும் மழித்துக்கொள்கிறார்கள். தட்டின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, ‘அந்த நாடா தெரியும்வரை தலையைத் திருப்புங்கள்’ என்று பழக்குகிறார்கள். இதைச் சோம்பலென்றோ பிடிவாதமென்றோ நினைத்துக் கடிந்துகொண்ட குடும்பத்துக்கு, இது மூளையின் காயம் என்று விளக்குவதும் சிகிச்சையின் பகுதிதான்.

உடுத்துவதற்கு எளிய விதி ஒன்று உண்டு: அணியும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் காய் நறுக்க, இரண்டு துருப்பிடிக்காத ஆணிகள் அடித்த பலகை போதும். உருளைக்கிழங்கை ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு நறுக்கலாம். தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி விரிக்கலாம். இடுப்பில் வெல்க்ரோ வைத்த வேட்டி, முன்பக்கம் திறக்கும் ரவிக்கை, எலாஸ்டிக் வைத்த பாவாடை ஆகியவை காலைநேரப் போராட்டத்தைக் குறைக்கும்.

வலக்கை மீளாது என்று தெளிவானபின் இடக்கையைப் பழக்க வேண்டியிருக்கும். இடக்கையால் உண்பதைத் தகாததாகக் கருதும் வீடுகளில் இது வெறும் தசைப் பயிற்சி அல்ல. பந்தியில் உட்கார மறுத்து, தனியறையில் உண்ணத் தொடங்கும் முதியவர்கள் உண்டு. கரண்டியைப் பழக்குவதா, வலக்கைக்குப் பட்டை கட்டிக் கரண்டியைச் செருகுவதா என்பதை அவரோடும் குடும்பத்தோடும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கை என்னும் நுண்கருவி

கையில் அடிபட்டவர்களின் மறுவாழ்வு, துறைக்குள் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. விரலை மடக்கும் தசைநாண் அறுந்து தைக்கப்பட்டால் இரண்டு ஆபத்துகள் எதிரெதிராக நிற்கின்றன. அசைக்காமல் வைத்தால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். வேகமாக அசைத்தால் தையல் பிரிந்துவிடும். அறுவைக்குப் பின் சில நாள்களிலேயே, பாதுகாப்பான எல்லைக்குள் மட்டும் விரலை அசைக்கும் முறை இரண்டையும் தவிர்க்கிறது. அந்த எல்லையைக் காப்பது, புறங்கையில் பொருத்தப்படும் ஸ்பிளிண்ட். அது விரல்கள் மடங்க இடம்கொடுத்து, முழுதாக நீளாமல் தடுக்கிறது. தசைநாண் முழு வலுப்பெறச் சுமார் 12 வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவதும் துணி பிழிவதும் கூடாது.

ஸ்பிளிண்டைச் சிகிச்சையாளரே செய்கிறார். ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டைக் கையின் அளவுக்கு வெட்டி, சுமார் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் இட்டால் துணிபோல் துவளும். துடைத்து, சூடு தணிந்ததும் கைமேல் வைத்து வடிவமைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். கை நீண்ட நாள் அசையாதிருக்க நேர்ந்தால், மணிக்கட்டைச் சற்றுப் பின்னே வளைத்து, விரல்களின் அடிமூட்டுகளை 70 முதல் 90 பாகைவரை மடக்கி, மற்ற விரல்மூட்டுகளை நேராக வைக்கிறார்கள். அடிமூட்டு மடங்கியிருக்கும்போதுதான் அதன் பக்கத் தசைநார்கள் இழுபட்டு நிற்கும். நேராக விட்டால் அவை சுருங்கி, பிறகு விரல் மடங்கவே மடங்காது.

தொழுநோயில் சிக்கல் வேறு. கிருமி நரம்பைத் தாக்குவதால் விரல்கள் நகம்போல் வளைகின்றன. கூடவே உணர்ச்சியும் போய்விடுகிறது. நோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்ற பழைய எண்ணம் தவறு என்பதைப் பால் பிராண்ட் காட்டினார். சுட்டதையும் வெட்டியதையும் உணராத கை மீண்டும் மீண்டும் புண்படுகிறது. புண் சீழ்பிடித்து எலும்பு கரைகிறது. வலி இல்லாததுதான் அழிவுக்குக் காரணம். ஆகவே சூடான டம்ளருக்கு மரப்பிடி, மண்வெட்டிக் காம்புக்குத் தடித்த உறை, தினமும் மாலையில் கையைக் கண்ணால் பார்த்துப் புண் தேடும் பழக்கம் ஆகியவை இங்கே மருந்துக்கு இணையானவை.

வளைந்த கையைத் திருத்தும் அறுவையில், நலமாக இயங்கும் ஒரு தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிவிடுகிறார்கள். மோதிரவிரலை மடக்கிய தசைநாண் கட்டைவிரலுக்கு மாற்றப்பட்டால் மூளைக்கு அந்த மாற்றம் தெரியாது. நோயாளி மோதிரவிரலை மடக்க நினைக்கிறார், கட்டைவிரல் அசைகிறது. அந்த நினைப்பையும் இந்த அசைவையும் இணைத்து, பஞ்சுருண்டையைப் பற்றுவது, சிறு பொருள்களைப் பொறுக்குவது, பேனாவைப் பிடிப்பது என்று படிப்படியாகப் பழக்கும்போது, சில வாரங்களில் கட்டைவிரலை நினைத்தாலே கட்டைவிரல் அசையத் தொடங்கும்.

தண்டுவடக் காயம்

மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுவது, சாலை விபத்து ஆகியவை தண்டுவடக் காயத்துக்கு முக்கியக் காரணங்கள். காயம் எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்துச் செயல்கள் அமைகின்றன. கழுத்தின் 5ஆம் நரம்பு மட்டம் பிழைத்திருந்தால் முழங்கை மடங்கும். 6ஆம் மட்டம் இருந்தால் மணிக்கட்டு பின்னே வளையும். 7ஆம் மட்டம் இருந்தால் முழங்கையை நீட்டி உடலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர முடியும். ஒரேயொரு மட்டத்தின் வேறுபாடு, பிறர் தூக்கிவிட வேண்டிய வாழ்க்கைக்கும் தானே நகரும் வாழ்க்கைக்கும் இடையிலான வேறுபாடாகிவிடலாம்.

6ஆம் மட்டம்வரை மட்டுமே பிழைத்திருப்பவரின் விரல்களில் தசையியக்கம் இராது. ஆனால் மணிக்கட்டைப் பின்னே வளைக்கும்போது விரல்களின் தசைநாண்கள் இழுபட்டு, விரல்கள் தாமாகவே மடங்குகின்றன. கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின் பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. மணிக்கட்டைத் தளர்த்தினால் விரல்கள் திறக்கின்றன. காகிதம், பல்துலக்கி, கரண்டி போன்றவற்றைப் பிடிக்க இந்தப் பிடி போதும். இதைக் காக்க ஓர் எச்சரிக்கை வேண்டும்: மணிக்கட்டையும் விரல்களையும் ஒரேசேரப் பின்னே வளைத்து நீவிவிடக் கூடாது. நல்லெண்ணத்தோடு உறவினர் நீவும்போது தசைநாண்கள் தளர்ந்துபோனால், அந்தப் பிடி நிரந்தரமாகப் போய்விடும். இந்தப் பிடிக்கு வாய்ப்பே இல்லாதவர்களுக்கு உள்ளங்கையில் கட்டும் ஒரு பட்டையில் பை தைத்துக் கரண்டியையும் எழுதுகோலையும் செருகிக் கொடுக்கிறார்கள்.

உணர்ச்சியற்ற உடலுக்குப் பெரும்பகை படுக்கைப்புண். உட்கார்ந்திருக்கும்போது 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து எடையை மாற்றுவது, சரியான மெத்தையைத் தேர்வது, தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது ஆகியவற்றைப் பல்துலக்குவதுபோல் பழக்கமாக்குகிறார்கள்.

தீக்காயமும் மூட்டுவாதமும்

தீக்காயத்தில், நோயாளிக்கு இதமாக இருக்கும் நிலையே கேடு தரும் நிலை. வலி குறைய அவர் கழுத்தைக் குனிந்து, கையை உடலோடு ஒட்டி, முழங்கையை மடக்கிக்கொள்கிறார். ஆறும் தோல் அந்த நிலையிலேயே சுருங்கி இறுகிவிடுகிறது. எனவே முதல் நாளிலிருந்தே கழுத்தைச் சற்றுப் பின்னே சாய்த்து, தோளை விலக்கி, முழங்கையை நீட்டி வைக்கிறார்கள். ஆறியபின் தழும்பு தடிக்காமலிருக்க உடலை இறுக்கிப் பிடிக்கும் ஆடையை நாளுக்கு 23 மணிநேரம், ஓராண்டோ அதற்கு மேலோ அணியச் சொல்வதுண்டு. வெயிலும் புழுக்கமும் மிகுந்த ஊரில் அது எளிய காரியமல்ல. அதை அணியவைக்கும் பொறுமையான உரையாடலும் சிகிச்சைதான்.

முடக்குவாதத்தில் இலக்கு மூட்டைக் காப்பது. கட்டைவிரல் நுனியால் 1 கிலோ விசையில் கிள்ளினால் அதன் அடிமூட்டில் சுமார் 12 மடங்கு விசை விழுகிறது. ஆகவே சாவி, கரண்டி, பேனா ஆகியவற்றின் பிடியைத் தடிமனாக்குகிறார்கள். பாத்திரத்தை விரல்களால் தூக்காமல் இரு உள்ளங்கைகளிலும் ஏந்தவும், பையைக் கையில் தொங்கவிடாமல் தோளில் மாட்டவும் பழக்குகிறார்கள். வலி மிகுந்த காலைப்பொழுதைத் தவிர்த்து, கனமான வேலைகளை நாள் முழுதும் பிரித்து வைப்பதும் இதில் அடங்கும்.

வீடும் வேலையும்

மருத்துவமனையில் தானே குளித்தவர் வீட்டுக்குப் போனதும் குளிக்க முடியாமல் போவது வழக்கமாக நடப்பது. மாறியது உடலல்ல, குளியலறை. ஆதலால் சிகிச்சையாளர் வீட்டை நேரில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் படமும் அளவும் கேட்டுப் பெற வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் எதிர்ப்படுவது வாசற்படி. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட விகிதம் 1க்கு 12. வாசல் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். தெருவை ஒட்டிய வீட்டில் அதற்கு இடமிராது. பின்வாசலையோ பக்கச் சந்தையோ பயன்படுத்தலாமா, நடுவில் திரும்பும் சாய்தளம் கட்டலாமா என்று யோசிக்க வேண்டும். அடுத்தது கழிப்பறை: குந்தி உட்காரும் பீங்கானின் மேல், நடுவில் துளையிட்ட இரும்பு நாற்காலியை வைத்தால் குறைந்த செலவில் தீர்வு கிடைக்கும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பலருக்குச் சில வாரங்கள் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. தரையில் சம்மணமிட்டு உண்பதும் பாயில் படுப்பதும் வழக்கமாயிருந்தவருக்கு வீட்டின் வாழ்க்கை முழுவதையும் தரையிலிருந்து நாற்காலி உயரத்துக்கு மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். வழுக்காத தரை, சுவரில் உறுதியான கைப்பிடி, இரவில் கழிப்பறைவரை எரியும் சிறு விளக்கு ஆகியவை முதியவர்கள் விழுவதைத் தடுக்கும்.

உறவினரின் அன்பும் சிலசமயம் தடையாகிறது. சட்டை அணிய நோயாளிக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். மகள் உதவினால் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அன்றைய பயிற்சி போய்விடுகிறது. எங்கே உதவுவது, எங்கே கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று குடும்பத்துக்குக் கற்பிப்பது, நோயாளிக்குக் கற்பிப்பதைவிடக் கடினமானது; அதைவிட முக்கியமானதும்கூட.

வேலைக்குத் திரும்புவோருக்கு வேலையையே பகுத்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு எடை தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தக் கருவியைப் பிடிக்க வேண்டும் என்று பட்டியலிட்டு, அதற்கேற்பப் பயிற்சியைக் கூட்டுகிறார்கள். தையல் எந்திரத்தின் கால்மிதியைக் கைப்பொத்தானாக மாற்றுவது, கடையின் கல்லாப்பெட்டியைத் தாழ்த்துவது போன்ற சிறு மாற்றங்கள் ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் காப்பாற்றக் கூடியவை.

பயனும் தேவையும்

இவை நல்லெண்ணம் மட்டுமல்ல, சோதித்துப் பார்க்கப்பட்டவை. பக்கவாதம் வந்தவர்களுக்கு அன்றாடச் செயல்களை மையமாகக் கொண்டு அளித்த செயல்முறைச் சிகிச்சை பற்றிய 9 ஆய்வுகளை, மொத்தம் 1,258 பேரைக் கொண்டவற்றை, 2007இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் அன்றாட வேலைகளில் கூடுதல் தற்சார்போடு இருந்தார்கள். நிலை மோசமடையும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

2019ஆம் ஆண்டு நிலவரப்படி, ஏதோவொரு மறுவாழ்வுச் சேவையால் பயன்பெறக் கூடியவர்கள் உலகில் சுமார் 241 கோடிப் பேர், அதாவது மூவரில் ஒருவர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, மறுவாழ்வை அரசின் கடமைகளில் ஒன்றாக்கியது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்சார் ஆணையச் சட்டம், செயல்முறைச் சிகிச்சையாளர்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது.

சிகிச்சை எப்போது முடிகிறது என்பதற்கும் இத்துறையில் தனி விடை உண்டு. தொடக்கத்தில் நோயாளி தேர்ந்தெடுத்த செயல்களையும் அவற்றுக்கு அவரே கொடுத்த மதிப்பெண்களையும் மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். தன் வீட்டில், தன் தட்டில், அவர் வேண்டிய விதத்தில் அந்தச் செயல் நடந்தால் அந்த இலக்கு நிறைவேறியது. நடக்காவிட்டால் செயலை மீண்டும் பகுத்து, உடலையோ செய்முறையையோ கருவியையோ சூழலையோ மாற்றிப் பார்க்கிறார்கள். சில மாதங்கள் கழித்து, கற்றது நிலைத்திருக்கிறதா என்று ஒருமுறை அழைத்துப் பார்த்தபின் பதிவேடு மூடப்படுகிறது.